புது கம்ப்யூட்டர் கொட்டேஷன்: ஒவ்வொரு வரியும் எதைச் சொல்கிறது?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். கடைக் கணக்குக்கு டேலியும் எக்செலும் வேண்டும். பிளஸ் டூ படிக்கும் மகள் பைதான் பழகவும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யலாம் என்று கொட்டேஷன் வாங்கினேன். கேம் எதுவும் விளையாடப் போவதில்லை. எழுதிக் கொடுத்தது இதுதான்:

சிபியு – ஐ3, 12ஆம் ஜெனரேஷன்
போர்டு – எச்610
ராம் – 8 ஜிபி டிடிஆர்4
எஸ்எஸ்டி – 512 ஜிபி
கேபினட் – 450 வாட் எஸ்எம்பிஎஸ் உடன்

இதில் எது என்ன வேலை செய்கிறது? கடையில் எதையெல்லாம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்? வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் இருக்கிறது. 4ஆம் ஜெனரேஷன் ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், நீல நிற விஜிஏ ஒயர் மட்டுமே போகிற 19 இன்ச் மானிட்டர். இவற்றில் எதையாவது புதியதில் பயன்படுத்தலாமா? இந்தப் பெயர்கள் எல்லாம் எனக்குப் புதிது, அந்த அளவுக்கு இறங்கி வந்து சொல்லுங்கள்.

திருகாணி பதில்:

கொட்டேஷன் மோசமில்லை. ஆனால் ஐந்து வரியிலும் பாதிதான் எழுதியிருக்கிறார்கள். எழுதாமல் விட்ட மீதியில்தான் விலையும் வேகமும் மாறும். ப்ராசஸரையும் போர்டையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அங்கே சிபியு என்று எழுதியிருப்பது ப்ராசஸரை. முழுப் பெட்டியையும் நாம் சிபியு என்றே சொல்லிப் பழகிவிட்டதால், பில்லில் "சிபியு, 3 வருட வாரண்டி" என்று ஒரே வரியாகப் போட்டால் அது எதற்கு என்று பிறகு வாக்குவாதம் வரும். ஒவ்வொரு பாகமும் தனி வரியில், மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் சேர்த்து ஜிஎஸ்டி பில்லில் வர வேண்டும்.

ஐ3 என்பது குடும்பப் பெயர் மட்டுமே. முழு மாடல் நம்பரைக் கேளுங்கள். 12100 என்றால் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை, பின்னால் வரும் 100 அந்தத் தலைமுறைக்குள் அதன் இடம். இதில் 4 கோர், 8 த்ரெட். கோர் என்பது தனித்து இயங்கிக் கணக்குப் போடும் பகுதி. இந்த மாடலில் ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்தில் இரண்டு வேலைத் தொடர்களை ஏற்றுக்கொள்ளும். அதனால் விண்டோஸுக்கு எட்டாகத் தெரிகிறது. அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 330 கோடி துடிப்பு. வேலை கூடும்போது 4.3 வரை ஏறும்.

கிகாஹெர்ட்ஸை மட்டும் வைத்து இரண்டு தலைமுறைகளை ஒப்பிடாதீர்கள். 2011இல் வந்த ஐ7 2600இலும் 4 கோர், 8 த்ரெட்தான். அடிப்படை வேகம் 3.4, அதாவது எண்ணளவில் 12100ஐ விட அதிகம். ஆனால் ஒரு துடிப்பில் முடிகிற வேலை புதிய சிப்பில் மிக அதிகம் என்பதால் 12100 அதை எளிதாகத் தாண்டிவிடும். தலைமுறையைச் சொல்லாமல் "ஐ7 சிஸ்டம், குறைந்த விலை" என்று யாராவது காட்டினால் முதல் கேள்வி மாடல் நம்பராகத்தான் இருக்க வேண்டும். விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வ ஆதரவு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. உங்கள் பழைய 4ஆம் தலைமுறையைக் கணக்கு வேலைக்கு வைத்துக்கொள்ளாமல் இருக்க இதுவே போதுமான காரணம்.

மாடல் நம்பருக்குப் பின்னால் ஓர் எழுத்து ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 12100எஃப் என்று இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு போடாவிட்டால் திரையில் எதுவும் வராது. போர்டின் பின்பக்கம் எச்டிஎம்ஐ துளை இருக்கும், ஆனால் வேலை செய்யாது. விலை சற்றுக் குறைவு என்று இதைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். உங்களுக்கு எஃப் இல்லாத 12100தான் வேண்டும்.

பாக்ஸா, ட்ரேயா (கம்பெனி அட்டைப்பெட்டி இல்லாமல் தனியாக வருவது) என்றும் கேளுங்கள். பாக்ஸில் ஃபேன் கூடவே வரும், இன்டெல்லின் 3 வருட வாரண்டி நேரடியாக உங்களுக்கு உண்டு. ட்ரே பீஸுக்கு விற்றவர்தான் பொறுப்பு.

இனி போர்டு. எச்610 என்பது சிப்செட், அதாவது யுஎஸ்பி, சாட்டா (டிஸ்க்கை ஒயரில் இணைக்கும் வழி), நெட்வொர்க் போன்ற வழிகளைப் பார்த்துக்கொள்ளும் துணைச் சிப். போர்டின் முழுப் பெயர் அல்ல. ஒரே எச்610இல் பல கம்பெனிகள், ஒவ்வொரு கம்பெனியிலும் பல மாடல்கள். உங்களுக்கு மூன்று விஷயம் முக்கியம்: டிடிஆர்4 ரகமா டிடிஆர்5 ரகமா, எம்.2 துளை (எஸ்எஸ்டியை ஒயர் இல்லாமல் நேராகச் செருகும் இடம்) இருக்கிறதா, விஜிஏ துளை இருக்கிறதா. மூன்றாவது இருந்தால் 19 இன்ச் மானிட்டரை அப்படியே மாட்டிக்கொள்ளலாம். பல எச்610 போர்டுகளில் இன்னமும் விஜிஏ தருகிறார்கள், எல்லாவற்றிலும் இல்லை. இல்லாவிட்டால் எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் அடாப்டர் வாங்க வேண்டும். அதில் உள்ளே மாற்றும் சிப் இருக்க வேண்டும், வெறும் ஒயர் போதாது.

ப்ராசஸர் உட்காரும் இடத்தின் பெயர் சாக்கெட். இங்கே எல்ஜிஏ1700. பெயரில் உள்ள எண்தான் தொடுமுனைகளின் எண்ணிக்கை. முடி போன்ற பின்கள் போர்டில் இருக்கும், ப்ராசஸரின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகளும் இதே சாக்கெட் என்பதால், பயாஸை (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு நாளைக்கு ஐ5 13400கூட இதே போர்டில் போடலாம். பின் ஒன்று வளைந்தாலும் வாரண்டி போய்விடும். பில் போடும் முன் சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியை அவரையே எடுக்கச் சொல்லி, சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லாப் பின்களும் ஒரே சீராக மின்ன வேண்டும். ஒரு இடம் மட்டும் வேறு மாதிரி தெரிந்தால் அந்தப் போர்டு வேண்டாம்.

சாலிடர்புகை பதில்:

ராம், எஸ்எஸ்டி இரண்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன் சார். இரண்டையும் ஜிபியில்தான் சொல்வார்கள், இரண்டையும் மெமரி என்றும் சொல்வார்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ராம் என்பது ஓடிக்கொண்டிருக்கிற வேலை இருக்கும் இடம். கரண்ட் போனால் அதில் இருந்தது அழிந்துவிடும். எஸ்எஸ்டியில் சேமித்தது கரண்ட் இல்லாமலும் நிற்கும்.

"8 ஜிபி டிடிஆர்4" என்பதில் வேகம் இல்லை, எத்தனை குச்சி என்பதும் இல்லை. வேகம் 3200 என்று எழுதி வாங்குங்கள். இது விநாடிக்கு 3200 மில்லியன் முறை தரவு மாறுவதைக் குறிக்கிறது. ஒரு துடிப்புக்கு இரண்டு முறை மாறுவதால் உண்மையான துடிப்பு 1600 மெகாஹெர்ட்ஸ். பிறகு சிபியு-இசட் மென்பொருளில் 1600 என்று பார்த்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று பதறாதீர்கள், அதுதான் சரியான எண். ஒவ்வொரு முறையும் 8 பைட் போவதால் ஒரு குச்சிக்கு விநாடிக்கு 25.6 ஜிபி. ராம் ஸ்டிக்கரில் 25600 என்று இருந்தாலும் இதே சரக்குதான்.

எத்தனை குச்சி என்பது உங்கள் விஷயத்தில் வழக்கத்தை விட முக்கியம். கிராபிக்ஸ் ப்ராசஸருக்குள் இருப்பதால் திரைக்குத் தேவையான நினைவகத்தையும் இதே ராமிலிருந்துதான் எடுக்கும். இரண்டு குச்சி போட்டால் இரண்டு வழியாகத் தரவு போகும், அதற்குத்தான் டூயல் சேனல் என்று பெயர். 25.6 என்பது 51.2 ஆகும். எச்610இல் ராம் துளை இரண்டே இரண்டு. ஆகவே "4 + 4" என்று போட்டுக் கொடுத்தால் துளை நிரம்பிவிடும், பிறகு கூட்ட வேண்டுமென்றால் இரண்டையும் கழற்றி எறிய வேண்டும். என் கருத்து: முடிந்தால் இப்போதே 8 + 8. பட்ஜெட் இடிக்கிறதா, ஒரே 8 ஜிபி குச்சி போட்டுவிட்டு ஒரு துளையைக் காலியாக விடுங்கள். பின்னால் சேர்க்கும்போது அதே வேகத்தில் வாங்க வேண்டும். 2666 குச்சியை 3200 பக்கத்தில் போட்டால் இரண்டும் 2666இல்தான் ஓடும்.

பழைய 4 ஜிபி ராம் ஆகாது. 4ஆம் தலைமுறை டெஸ்க்டாப்பில் இருப்பது டிடிஆர்3: 240 பின், 1.5 வோல்ட். டிடிஆர்4 என்பது 288 பின், 1.2 வோல்ட், நடுவில் உள்ள வெட்டும் வேறு இடத்தில். டிடிஆர்5க்கும் 288 பின்தான், ஆனால் அதன் வெட்டு இடமும் வேறு. ஒன்றின் துளையில் இன்னொன்று இறங்காது. அழுத்திப் பார்த்தால் துளைதான் உடையும். சர்வரிலிருந்து கழற்றிய டிடிஆர்4 ராம் சில இடங்களில் மலிவாகக் கிடைக்கும். ரெஜிஸ்டர்டு ரகமான அது துளையில் சரியாகவே இறங்கும், ஆனால் எச்610 போர்டு அதைப் போட்டால் ஆன் ஆகாது.

அடுத்து "512 ஜிபி எஸ்எஸ்டி". இந்த ஒரு வரிக்குள் மூன்று வேறு பொருள்கள் ஒளிந்திருக்கலாம்: ஒயர் மாட்டுகிற 2.5 இன்ச் சாட்டா, எம்.2 வடிவத்தில் வரும் சாட்டா, எம்.2 வடிவத்தில் வரும் என்விஎம்இ. எம்.2 என்பது வடிவம் மட்டுமே. 2280 என்று எழுதியிருந்தால் 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். என்விஎம்இ என்பது தரவு போகும் முறை. சாட்டா எந்த வடிவில் வந்தாலும் விநாடிக்கு 550 எம்பி அளவோடு நின்றுவிடும். பிசிஐஇ என்பது போர்டில் உள்ள வேகமான தரவுப் பாதை. அதன் 3.0 பதிப்பில் நான்கு வழி உள்ள என்விஎம்இ 3500 வரை போகும். எச்610இன் எம்.2 துளை 3.0 தான். ஆகவே 7000 என்று அட்டையில் போட்டிருக்கும் 4.0 எஸ்எஸ்டிக்குக் கூடுதல் பணம் தருவது வீண். வேலை செய்யும், ஆனால் பாதி வேகத்தில். சில போர்டுகளில் எம்.2 துளை என்விஎம்இயை மட்டும் ஏற்கும், அதில் எம்.2 சாட்டாவைச் செருகினால் பயாஸில் தெரியவே தெரியாது. "எம்.2 2280 என்விஎம்இ" என்று முழுசாக எழுதச் சொல்லுங்கள்.

512 ஜிபி வாங்கினால் விண்டோஸில் 476 என்று காட்டும். தயாரிப்பாளர் ஒரு ஜிபியை 100 கோடி பைட்டாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,07,37,41,824 பைட்டாக எண்ணுகிறது. குறைந்தது எதுவும் இல்லை.

பழைய 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கைத் தாராளமாகப் போடலாம், சாட்டா ஒயர் அப்படியே பொருந்தும். ஆனால் விண்டோஸை அதில் போடாதீர்கள். உள்ளே தட்டு சுற்றி, முள் நகர்ந்து இடம் தேடுவதற்கு ஒவ்வொரு தடவையும் 10 மில்லி விநாடிக்கு மேல் ஆகலாம். எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். சிறு சிறு ஃபைல்களாக நிறைய படிக்கும் வேலையில் இதுதான் கம்ப்யூட்டரை நிற்க வைக்கிறது. டேலி பேக்கப்புக்கு மட்டும் வையுங்கள். அதற்கும் முன்னால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் "ரீஅலோகேட்டட் செக்டர்" (கெட்டதால் மாற்றிவைத்த இடங்கள்), "கரன்ட் பெண்டிங் செக்டர்" (படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் இடங்கள்) இரண்டும் பூஜ்ஜியமா என்று பாருங்கள். இரண்டாவது பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் அந்த டிஸ்க்கில் கணக்கை நம்பி வைக்கக் கூடாது.

வைகைக்கரை:

இருவருக்கும் நன்றி. கொட்டேஷனைத் திருத்தி எழுதச் சொல்லப் போகிறேன். 450 வாட் எஸ்எம்பிஎஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே? கேபினட்டோடு சேர்ந்தே வருகிறதாம், தனி விலை இல்லை. 450 வாட் என்றால் கரண்ட் பில் எகிறுமா? யுபிஎஸ் 600 விஏ வைத்திருக்கிறேன், தாங்குமா?

மின்கம்பம் பதில்:

எஸ்எம்பிஎஸ் என்பது சுவர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்குத் தேவையான குறைந்த வோல்ட்டுகளாக மாற்றித் தரும் பெட்டி. 450 என்பது அது அதிகபட்சம் கொடுக்க முடிகிற அளவு, எப்போதும் இழுக்கும் அளவு அல்ல. 12100க்கு இன்டெல் தந்திருக்கும் அடிப்படை அளவு 60 வாட், உச்சம் 89. கிராபிக்ஸ் கார்டு இல்லாத உங்கள் பெட்டி மொத்தமாக முழு வேகத்தில் ஓடினாலும் 150ஐத் தாண்டாது. டேலி திறந்து வைத்திருக்கும்போது அதில் பாதிகூட வராது. எனவே பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது "கேபினட்டோடு சேர்ந்தே வருகிறது" என்பதைப் பற்றி. எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டில் ஒரு கட்டம் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதில் +12 வோல்ட் என்ற பத்தியில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 12ஐ அந்த எண்ணால் பெருக்கினால் வருவதுதான் உங்களுக்கு உதவும் வாட், ஏனென்றால் இன்றைய ப்ராசஸரும் ஃபேனும் 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. 36 ஆம்பியர் என்றால் 432 வாட், நேர்மையான 450. 16 ஆம்பியர் என்றால் 192 வாட்தான், மீதியை 5 வோல்ட், 3.3 வோல்ட் பக்கம் கூட்டி அட்டையில் 450 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். உங்கள் பெட்டிக்கு 192கூடக் காகிதத்தில் போதும். ஆனால் அப்படிக் கணக்குக் காட்டுகிற எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே கெப்பாசிட்டரும் (மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பாகம்) பாதுகாப்புச் சுற்றும் எந்தத் தரத்தில் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கெட்ட எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் ஒரேயடியாகச் சாகாது. வேலை அதிகமாகும்போது தானாக ரீஸ்டார்ட் ஆகும். அதைவிட, கரண்ட் போய் யுபிஎஸ் எடுக்கும் அந்தக் கணத்தில் அணைந்துவிடும். யுபிஎஸ் மாறுவதற்குச் சில மில்லி விநாடிகள் ஆகும். ஒழுங்கான எஸ்எம்பிஎஸ் உள்ளே சேர்த்துவைத்த மின்சாரத்தில் 16 மில்லி விநாடி அளவுக்குத் தாக்குப்பிடிக்கும். சிறிய கெப்பாசிட்டர் போட்டது பிடிக்காது. யுபிஎஸ் இருந்தும் கம்ப்யூட்டர் அணைகிறது என்று பேட்டரியை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் இதுதான். டேலி டேட்டா கெடுவதும் இப்படி எழுதிக்கொண்டிருக்கும்போது அணைவதால்தான்.

எனவே கேபினட் தனி, எஸ்எம்பிஎஸ் தனி என்று எழுதச் சொல்லுங்கள். 80 பிளஸ் முத்திரை உள்ள, தனி வாரண்டியுள்ள 450 வாட் போதும். முத்திரை செயல்திறனைக் காட்டுகிறது. 85 சதவீதம் என்றால், பெட்டிக்கு 85 வாட் கொடுக்கச் சுவரிலிருந்து 100 வாட் எடுக்கும், மீதி 15 சூடாகப் போகும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்துப் போட வேண்டாம். இத்தனை வருடச் சூட்டில் அதன் கெப்பாசிட்டர்கள் வறண்டிருக்கும்.

600 விஏ யுபிஎஸ் சாதாரணமாக 360 வாட் தரும். மாடலின் பின்பக்க ஸ்டிக்கரில் உறுதி செய்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டர், மானிட்டர், மோடம் மூன்றுக்கும் தாராளம். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் மாட்டாதீர்கள், உள்ளே உருளை சூடாகும்போது இழுக்கும் மின்சாரத்துக்கு யுபிஎஸ் ட்ரிப் ஆகிவிடும்.

கேபினட்டைத் தொட்டால் விரலில் சுரீர் என்கிறதா? எர்த் இல்லை என்று பொருள். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவில் இரைச்சலை வடிகட்ட, லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட்டுக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இருந்தால் அந்தக் கசிவு தரைக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினட் ஏறத்தாழ 115 வோல்ட்டில் நிற்கும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினால் இது போகாது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக் பாயிண்டின் எர்த்தைச் சரி செய்ய வேண்டும். தள்ளிப்போடாதீர்கள்.

கொங்குத்தென்றல் பதில்:

மேலே சொன்னதெல்லாம் சரிங்க. ராம் விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். ஒரே ஆள் டேலியும் எக்செலும் ஓட்டுவதற்கு 8 ஜிபி போதுமுங்க. பைதான் பழகுவதற்கும் போதும். குரோமில் இருபது முப்பது டேப் திறந்து வைக்கிற பழக்கம் இருந்தால்தான் 16 கட்டாயம். மிச்சமாகும் காசை நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் போடுங்க.

அசெம்பிள் செய்யும்போது பக்கத்தில் நின்று சில இடங்களைப் பாருங்க. பாக்ஸ் ஃபேனின் அடியில் தெர்மல் பேஸ்ட் ஏற்கெனவே தடவி வரும். ப்ராசஸரின் சூட்டை ஃபேனின் உலோகத்துக்குக் கடத்துவது அதன் வேலை. அதன் மேல் இன்னொரு தடவை தடவ வேண்டியதில்லை. ஃபேனின் நான்கு கால்களையும் குறுக்காக, எதிரெதிராக அழுத்த வேண்டும். நான்கும் போர்டின் பின்பக்கம் வெளியே தெரிகிறதா என்று பாருங்க. ஒன்று சரியாக இறங்காவிட்டாலும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, சூடு 100 டிகிரியைத் தொட்டு, ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். புது சிஸ்டம் பத்து நிமிஷத்தில் மந்தமாகிறது என்றால் முதலில் இதைத்தான் பார்க்கணும்.

ஃபேன் ஒயர் "சிபியு ஃபேன்" என்று அச்சிட்ட இடத்தில்தான் போகணும். வேறு இடத்தில் மாட்டினால் ஃபேன் ஓடினாலும், ஆன் செய்யும்போது ஃபேன் இல்லை என்று எச்சரிக்கை வரலாம்.

ஆன் செய்து ஃபேன் சுற்றியும் திரையில் ஒன்றும் வரவில்லையா? பெரிய 24 பின் ஒயர் மட்டும் மாட்டி, ப்ராசஸருக்குப் பக்கத்தில் போகிற 4 + 4 பின் ஒயரை மறந்திருப்பார்கள். அதுவும் சரியென்றால் ராமைக் கழற்றி, இரண்டு முனையும் க்ளிக் என்று பூட்டும் வரை அழுத்திப் போடணும். கழற்றும் முன் சுவர் சுவிட்சை அணைத்துவிடுங்க, போர்டில் 5 வோல்ட் எப்போதும் நின்றுகொண்டே இருக்கும்.

வைகைக்கரை:

கடைசியாக ஒன்று. வீட்டுக்கு வந்த பிறகு, சொன்ன பொருள்தான் உள்ளே இருக்கிறது என்று பெட்டியைத் திறக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

திருகாணி பதில்:

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். சிபியு என்பதைத் தொட்டால் முழு மாடல் பெயரும், கோர் 4, லாஜிக்கல் ப்ராசஸர் 8 என்றும் காட்ட வேண்டும். மெமரியில் வேகம் 3200 என்றும், எத்தனை துளை நிரம்பியிருக்கிறது என்றும் இருக்கும். 3200க்குப் பதில் 2400, 2666 என்று இருந்தால் ராமைக் குறை சொல்வதற்கு முன் பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமை அதில் குறித்த வேகத்தில் ஓட வைக்கும் அமைப்பு) ஆன் செய்து பாருங்கள். டிஸ்க் பகுதியில் மாடல் பெயர் வரும், அதைப் பில்லோடு ஒப்பிடுங்கள். புதிய விண்டோஸ் 11இல் பக்கத்திலேயே என்விஎம்இ என்றும் எழுதியிருக்கும்.

போர்டின் பெயருக்கு, விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 என்று அடியுங்கள். "பேஸ்போர்டு ப்ராடக்ட்" என்ற வரியில் முழு மாடல் இருக்கும், பயாஸ் பதிப்பும் தேதியும் அங்கேயே உண்டு. எஸ்எம்பிஎஸ் ஒன்றை மட்டும் மென்பொருளால் பார்க்க முடியாது. அதன் ஸ்டிக்கரை அசெம்பிள் செய்யும் முன்பே கடையில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.